நாலு பேர்

தச்சர் பெட்டியின் மூடியை இறக்கப் போன நேரத்தில் ஏட்டு கையை நீட்டித் தடுத்தார்.

"இருப்பா, உள்ள ஒரு தடவ பாத்துடறேன்."

பார்க்க என்ன இருந்தது? அப்பாதான் இருந்தார். டிராம் ஓட்டும்போது போடுகிற கோட்டு, கழுத்துவரை பித்தான் மாட்டியபடி. ஏட்டு அவருடைய தோளுக்கடியில் கையை விட்டுத் துழாவினார். துப்பாக்கி, துண்டுப் பிரசுரம் எதுவும் அகப்படவில்லை. கையை வெளியே எடுத்துத் தன் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். மகள் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். கோபப்பட வேண்டிய இடம்தான். அதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

"உத்தரவு தெரியும்ல? தெருவுல நாலு பேருக்கு மேல சேந்து போகக் கூடாது" என்றார் ஏட்டு. பிறகு பெட்டியைப் பார்த்து இழுத்தார். "இவரோட சேத்தா அஞ்சாகுதே..."

"அவரு எங்க நடக்கப் போறாரு ஏட்டய்யா? நடக்கறது நாங்கதானே" என்றார் மாமா, அம்மாவின் தம்பி.

ஏட்டு நிஜமாகவே யோசித்தார். "சரி, அவர விட்டுடலாம்."

இத்தனை வருஷம் பிழிந்து வேலை வாங்கிய அரசாங்கம் அப்பாவை ஒருவழியாக விட்டுவிட்டது.

போன வாரம் நகர மண்டபத்தின் முன்னால் கூட்டம் கூடி, கடல் தாண்டி வந்தவனே கப்பல் ஏறு என்று கத்தியது. மண்டப மாடியிலிருந்து சுட்டார்கள். அன்றிலிருந்து இந்த உத்தரவு. அன்று கத்தியவர்களில் மகளின் தம்பியும் ஒருவன். செத்தவர்களில் அவன் இல்லை, பிடிபட்டவர்களிலும் இல்லை. எந்தப் பரணில் ஒளிந்திருக்கிறானோ, என்ன சாப்பிடுகிறானோ.

அவன் வீட்டை விட்டுப் போனதே அப்பாவோடு சண்டை போட்டுத்தான். டிராம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அப்பா வேலைக்கும் போகவில்லை, ஊர்வலத்துக்கும் போகவில்லை. வயிற்று வலி என்று போர்த்திப் படுத்துக்கொண்டார். வேலைக்குப் போனால் நாலு பேர் துரோகி என்பார்கள், போகாவிட்டால் துரைக்குக் கோபம் வரும். அவர் ஆயுசு முழுக்க அந்த நாலு பேருக்குப் பயந்தே கழிந்தது. மகள் பட்டாளத்துச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோதும் அதையேதான் கேட்டார்: நாலு பேர் என்ன சொல்வாங்க? முதல் சம்பளம் வந்த பிறகு கேட்பதை நிறுத்திக்கொண்டார், பாவம். தம்பிதான் விடவில்லை. "உங்க வயித்து வலிக்கு எப்பப்பா சுதந்திரம்?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டுப் போனான்.

"உம் பையன் வருவானாம்மா?" ஏட்டு அம்மாவிடம் கேட்டார்.

காலையிலிருந்து அம்மாவின் கண் வாசலிலேயேதான் இருக்கிறது.

"வந்தா நான் புடிச்சுத்தான் ஆகணும். எனக்கும் புள்ளகுட்டி இருக்கு. அன்னிக்கே சந்துக்குள்ள மாட்டியிருப்பான். மூஞ்சியப் பாக்கல, செருப்புச் சத்தத்த வெச்சே விரட்டினோம். சரக்கு சரக்குன்னு தேச்சுக்கிட்டு ஓடறான். ஓடும்போதுகூடக் கால தூக்கத் தெரியாத ஒருத்தன இப்பத்தான் பாக்கறேன்."

அம்மா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று மகளுக்குத் தெரியவில்லை.

அந்தச் செருப்புக்காக அப்பாவிடம் அவன் வாங்காத திட்டு இல்லை. நேற்று அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது சந்தில் யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு போனார்கள். அப்பா கண்ணைத் திறந்தார்.

"அவனா?"

"இல்லப்பா. யாரோ போறாங்க."

வெகுநேரம் கழித்து, "வந்தான்னா, கால தூக்கி நடக்கச் சொல்லு" என்றார். அப்புறம் அவர் பேசவில்லை.

மகள் தச்சரை அடுக்களைப் பக்கம் இழுத்தாள். "அண்ணே, தகவல் சொல்லியாச்சா? வரவே கூடாதுன்னு?"

"சொல்லியாச்சும்மா. கேப்பானான்னு மட்டும் எங்கிட்ட கேக்காத."

தூக்க மாமா இருந்தார், தச்சர் இருந்தார், தச்சரின் மருமகன் இருந்தான். நாலாவது ஆள் இல்லை. தெருவில் பாதி ஆண்கள் சிறையில், மீதிப் பேர் தலைமறைவு. இடம் காலியாக இருந்தால் அதை நிரப்பத் தம்பியே வந்து நிற்கமாட்டான் என்பது என்ன நிச்சயம்?

"நான் தூக்கறேன்" என்றாள்.

"நீயா? பொம்பளப் புள்ள தூக்கினா நாலு பேரு என்ன..." மாமா சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"மொத்தமே நாலு பேருதான் மாமா. அதுல ஒருத்தி நான்."

தினமும் ஈரக் கம்பளி சுமக்கிற தோள். அப்பா அதைவிடக் கனமாக இல்லை. பெட்டிதான் கனம், தச்சர் நல்ல மரத்தில் செய்திருந்தார். அவள் முன்னால் இடதுபக்கத்தைத் தோளில் வாங்கிக்கொண்டாள், தச்சர் அவளுக்குப் பின்னால். ஏட்டு கடைசியாக வந்தார். அம்மா வாசற்படியோடு நின்றுவிட்டாள், அவள் இறங்கினால் ஐந்து.

இடுகாடு ஊருக்கு வெளியே. நாலு பேரால் கடைசிவரை தாங்காது என்று தச்சர் ஏற்கெனவே வழியில் உள்ள மற்றத் தெருக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தார். தெரு முனைகளில் கதவை ஒருக்களித்துக்கொண்டு ஆட்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் தோளை விலக்கி அந்த வீட்டுக்குள் போன பிறகே அடுத்தவர் இறங்கி வந்தார். அந்தக் கொஞ்ச நேரம் மூன்று தோளில் பெட்டி சாயும், அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். ஏட்டு ஒவ்வொரு தடவையும் எண்ணிப் பார்த்தார். மாமா மாறினார், மருமகன் மாறினான். வந்தவர்களில் ஒருவர், "உங்கப்பாவப் பத்தி நாங்களும் ஏதேதோ பேசினோம்மா, மனசுல வெச்சுக்காத" என்று முணுமுணுத்தார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பேச மூச்சு போதவில்லை.

"நீயும் மாறிக்கம்மா" என்றார் தச்சர்.

"வேணாம்ணே."

கடைசித் தெருவில் வலதுபக்கத்து முன்தோள் மாறியது. தலையில் துண்டைச் சுற்றிய யாரோ குனிந்து வந்து வாங்கிக்கொண்டார்கள். நடுவில் பெட்டி இருந்ததால் அவளுக்கு முகம் தெரியவில்லை, விளிம்பைப் பிடித்த விரல்கள்தான் தெரிந்தன. கல் பாவிய தெரு முடிந்து மண்பாதை தொடங்கியது.

சரக். சரக்.

பாவி. படுபாவி. படித்துப் படித்துச் சொல்லியும் வந்து நிற்கிறானே. வராமல் இருந்திருந்தால் ஜென்மத்துக்கும் அவனை மன்னித்திருக்க மாட்டாள், அது வேறு. திரும்பிப் பார்க்க முடியாது. கூப்பிட முடியாது. பின்னால் ஏட்டின் பூட்ஸ் சத்தம் தயங்கியது.

அவள் தன் செருப்பைத் தரையோடு அழுத்தி இழுத்தாள். சரக். அடுத்த காலையும் இழுத்தாள்.

"என்னம்மா, என்ன ஆச்சு?" ஏட்டின் குரல்.

"கால் தூக்க முடியலீங்க. ரொம்ப அசதி."

பொய் ஒன்றுமில்லை. ஒரு கணம் கழித்துப் பின்னால் தச்சரின் செருப்பும் தேய ஆரம்பித்தது. அவருக்குப் பக்கத்தில் வந்தவரும் காலை இழுத்தார். மண்பாதையில் புழுதி கிளம்பியது. ஏட்டு இந்தத் தடவை எண்ணவில்லை. இருமிக்கொண்டே கொஞ்சம் பின்தங்கி நடந்தார்.

பெட்டிக்குள் இருந்தவருக்குக் காது கேட்டிருந்தால் நாலு பேருக்கும் திட்டு விழுந்திருக்கும்.