மூலம் இல்லாத அகராதி

அகராதி அலுவலகத்தில் அவளை எல்லாரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். படித்து வாங்கிய பட்டம் அல்ல, பட்டப்பெயர். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லும் எங்கிருந்து கிளம்பி வந்தது என்று மூலம் எழுதுவது அவள் வேலை. மூலம் பார்க்கிறவள் டாக்டர்தானே என்று தட்டச்சுக்காரி முதல் வாரமே வைத்த பெயர், பதினோரு வருஷமாக ஒட்டிக்கொண்டுவிட்டது. சொல்லுக்கு ஒன்றாக எட்டாயிரம் அட்டைகள், எல்லாம் அவள் கையெழுத்து.

திங்கட்கிழமை அகராதியின் ஆசிரியர் கூப்பிட்டார்.

"புத்தகம் தலகாணி சைஸுக்குப் போயிடுச்சும்மா. மூலத்தையெல்லாம் எடுத்துடச் சொல்லுது கமிட்டி. அதோட உங்க வேலையும்..." என்று இழுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒரே ஒரு சொல் கொண்டு வாங்க. மூலம் இல்லாம அர்த்தம் விளங்காதுன்னு காட்டுங்க. நான் மல்லுக்கட்டிப் பாக்கறேன்," என்றார்.

அவள் எடுத்துக்கொண்டது 'ரெட்யூஸ்'. குறைப்பது என்று குழந்தைக்கும் தெரியும். ஆனால் விலகிய எலும்பை இடத்தில் பொருத்துவதையும் வைத்தியர்கள் அந்தச் சொல்லால்தான் சொல்கிறார்கள். அங்கே எது குறைந்தது? லத்தீனில் அதற்குத் திரும்ப அழைத்துப் போவது என்று பொருள். தடம் மாறியதைப் பழைய இடத்துக்குத் திருப்புவது. அதிலிருந்து, முரண்டு பிடித்த கோட்டையைப் பணியவைப்பது. அதிலிருந்து, சிப்பாயைப் பதவி இறக்குவது, சாற்றைச் சுண்டவைப்பது, கடைசியில் வெறுமனே குறைப்பது. நாலு நாள் உட்கார்ந்து, வயசுப்படி மூத்த அர்த்தம் மேலே, இளைய அர்த்தம் கீழே என்று எண் போட்டு அடுக்கினாள். ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து, கோட்டுக்கு அடியில் மூலத்தை எழுதினாள்.

வெள்ளிக்கிழமை கமிட்டித் தலைவர் அட்டையை இரண்டு தரம் படித்தார். பிறகு கோட்டுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டு இன்னொரு தரம் படித்தார்.

"பிரமாதம்மா! மூலத்தை மூடிட்டே படிச்சேன், ஒரு இடத்துலயும் தடுக்கல. ஒண்ணுலேருந்து ஒண்ணு தானா வந்துடுது."

"மூலம் தெரிஞ்சதாலதான் சார் அப்படி அடுக்க முடிஞ்சுது."

"அதான் அடுக்கியாச்சே. வீடு எழும்பினப்புறம் சாரத்தைப் பிரிச்சுத்தானே ஆகணும்?"

ஆசிரியர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மல்லுக்கட்டுவதற்கு அவள் அவருக்கு எதையும் மிச்சம் வைக்கவில்லை. கொஞ்சம் அலங்கோலமாக எழுதியிருந்தால் பிழைத்திருப்பாள்.

வெளியே வந்ததும் ஆசிரியர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "மத்த அட்டைங்கள்ல எந்த வரி மூலம், எந்த வரி அர்த்தம்னு எங்களுக்குப் பிடிபடாதும்மா. மூலத்தை நீங்களே கோடு போட்டு அடிச்சுக் குடுத்துட்டா... அதுவரைக்கும் சம்பளம் உண்டு."

"சரி சார்."

முதல் இழுப்பறையை இழுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டாள். தட்டச்சுக்காரி பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"அக்கா, ஆமை மாதிரி அடிங்க. ஒரு வருஷம் இழுத்துடலாம். யாரு எண்ணப் போறாங்க?"

அவள் தலையாட்டினாள். நாளுக்கு ஐந்தே அட்டை என்று தனக்குள் சத்தியம்கூடச் செய்துகொண்டாள். ஆனால் கைக்கு அந்த வித்தை தெரியவில்லை. சாயங்காலம் பூட்டுகிறவர் வந்து நின்றபோது இருநூறு அட்டை முடிந்திருந்தது. ஒரு கோடுகூடக் கோணவில்லை. இந்த வேகத்தில் போனால் நாற்பது நாள்.