விக்கம் கவுண்டியில் ஒரு தமிழ் வீடு

வேலை நேரத்தில் சந்திரவதனாவுக்குப் பெயர் வாண்டா. கருத்துக் கணிப்புக் கொம்பனியில் சேர்ந்த முதல் கிழமையே ரீம் லீடர் இக்னேசியஸ் சொல்லிவிட்டான். "அன்ரி, உங்கட முழுப்பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவங்கள் போனை வைச்சிடுவாங்கள். சோர்ட்டா ஒண்டு வையுங்கோ." வீட்டில் எல்லாரும் கூப்பிடுகிற வதனாவைக் கொஞ்சம் வளைத்து வாண்டா ஆக்கிக்கொண்டாள். கணவன் கிருபனுக்கு இது பெரிய பகிடி. பிறம்ரனில் வெயார்ஹவுஸ் வேலை முடிந்து வந்தால், அறைக் கதவுக்கு வெளியே நின்று, "வாண்டா மேடம் நிக்கிறாவோ?" என்று கேட்பான்.

கனடாவில், ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் எட்டாம் மாடி அப்பார்ட்மென்ற். படுக்கையறையில் உடுப்பு அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு மேசை, கொம்பியூட்டர், ஹெட்செற். அதுதான் அவளுடைய ஒஃபிஸ். முன்னர் அவள் வேலை செய்த தொழிற்சாலையில் மெஷின் சத்தத்துக்குள் ஒருவரோடும் வாய் திறக்க முடியாது. இங்கே வாய் திறப்பதற்கே சம்பளம். வதனாவுக்கு இதைவிடப் பிடித்த வேலை வாழ்க்கையில் வாய்க்கவில்லை.

அந்தப் பனிக்காலக் கடைசியில் வந்த வேலை அமெரிக்காவில் விக்கம் என்கிற ஒரு கவுண்டியை, அதாவது ஒரு சின்ன மாவட்டத்தைப் பற்றியது. பென்சில்வேனியா மலைகளுக்கு நடுவில் நாலைந்து சின்ன ஊர்கள், பால் பண்ணைகள், மிச்சமெல்லாம் காடு. இருக்கிற சனத்தில் பாதிக்கு மேல் ஓய்வு பெற்றவர்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். அரசாங்கத்தின் வரைபடத்திலோ அந்தக் கவுண்டி முழுவதும் வேகமான இன்ரர்நெற் இருப்பதாக நிறம் தீட்டியிருந்தது. ஒரு சுற்றுவட்டாரத்தில் ஒரேயொரு வீட்டுக்கு இணைப்பு இருந்தாலும் முழு வட்டாரத்துக்கும் இருப்பதாகக் கணக்கெடுத்துவிட்டார்களாம். இல்லை என்று நிரூபித்தால்தான் இன்ரர்நெற் கோபுரம் கட்ட அரசாங்கக் காசு கிடைக்கும். ஆகவே கவுண்டிக்காரர் கேட்கச் சொன்ன கேள்விகள் இவை: வீட்டில் எத்தனை பேர், என்னென்ன வயது, என்ன மொழி, இன்ரர்நெற் இருக்கிறதா, இல்லாவிட்டால் தேவைக்கு எங்கே போவீர்கள்.

கேள்வி இலேசு. கேட்க ஆள் பிடிப்பதுதான் பாடு. ரொறன்ரோ நம்பரைக் கண்டதும், "எங்களுக்கு ஒண்டும் வேண்டாம்" என்று வைத்தார்கள். ஒரு கிழவர் தன்னுடைய வாத்துகளைப் பற்றி நெடுநேரம் கதைத்துவிட்டு, வயதைக் கேட்டதும் கோபித்துக்கொண்டு வைத்தார். "எங்கட வீட்டுக்கு இன்ரர்நெற் வரவேணுமெண்டால் முதல்ல மலையை ஒருக்கா அங்கால தள்ளிவை" என்று சொல்லிச் சிரித்த கிழவி, அதற்குப் பிறகு ஒரு கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. கிழமைகள் போயின. முடித்த படிவங்கள் ஒரு கைக்குள் அடங்கும்.

"இப்பிடியே போனால் உந்த புரொஜெக்ற்றை மூடிவிடுவாங்கள், அன்ரி" என்றான் இக்னேசியஸ். "நானும் எத்தினை பேரைப் போட்டுப் பாத்திட்டன்."

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஒரு பெண் போனை எடுத்தாள். பழைய லைன். கடலை வறுக்கிற மாதிரி இரைச்சல். ஆங்கிலத்தில் ஏதோ வேற்று ஊர் வாசம். ஸ்பானிஷ்காரியாக இருக்குமென்று வதனா நினைத்துக்கொண்டாள். ஆளும் நல்ல ஆள். வைக்காமல் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். வீட்டில் மூன்று பேர், ஒரு மகன் வெளியூரில் படிக்கிறான். திரையில் அடுத்த கேள்வி வந்தது.

"வீட்டில் அதிகம் பேசும் மொழி எது? ஆங்கிலமா, ஸ்பானிஷா, ஜெர்மனா, வேறா?"

"வேற."

"எது என்று சொல்ல முடியுமா?"

"சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது, ஹனி. தமிழ்."

வதனாவின் கை கீபோர்ட்டிலேயே நின்றுவிட்டது. ஆனால் விதி விதிதான். பட்டியலில் இல்லாத மொழியென்றால் எழுத்துக்கூட்டிக் கேட்கவேண்டும் என்று திரையில் சிவப்பில் எழுதியிருந்தது. தன் வாண்டாக் குரலை எப்படியோ பிடித்துக்கொண்டு, "எழுத்துக்கூட்டிச் சொல்லுவீர்களா?" என்றாள்.

அந்தப் பெண் சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போலத் தொடங்கினாள். "ரீ ஃபோர் ரொமாற்றோ. ஏ ஃபோர் அப்பிள். எம் ஃபோர் மதர். ஐ ஃபோர் ஐஸ்கிறீம்..."

அதற்கு மேல் வதனாவால் முடியவில்லை. "மிச்ச எழுத்தை நானே போடுறன், அக்கா" என்றாள் தமிழில்.

இரைச்சலுக்குள் ஏதோ பாத்திர மூடி நிலத்தில் விழுந்து உருண்டது. "யா அல்லாஹ்!" என்று ஒரு கத்தல். அதைத் தொடர்ந்து, வீட்டுக்குள் யாருக்கோ: "இஞ்ச ஓடி வாங்க! போனுக்குள்ள தமிழ் கதைக்குது!"

அவள் பெயர் உம்மு ஸல்மா. ஊர் இலங்கையின் கிழக்கில் அக்கரைப்பற்று. கணவர் அதாஉல்லாவுக்கு லொத்தரில் அமெரிக்க விசா விழுந்து வந்தவர்கள். அவர் பண்ணைகளில் பால் குளிராக்கும் மெஷின்களைத் திருத்துகிறவர். பண்ணை இருக்கிற இடத்துக்கு வேலை கூட்டிப்போக, இங்கே வந்து நின்றுவிட்டார்கள். மகன் ஜுனைட் கொலிஜ், மகள் அஃபீபா ஹைஸ்கூல். இதெல்லாம் படிவத்தில் இல்லாத விபரங்கள். படிவத்தில் இருந்தவற்றையும் வதனா ஒன்றுவிடாமல், கொம்பனி விதிப்படி, ஆங்கிலத்திலேயே வாசித்தாள். அவள் வாசிக்க, ஸல்மா தமிழில் பதில் சொன்னாள்.

"இன்ரர்நெற் இரிக்கா எண்டா, இரிக்கு புள்ள, வானத்தில. கூரையில சட்டலைற் சட்டி ஒண்டு பூட்டித் தந்தாங்க. பனி விழுந்தா அதுவும் அவ்வளவுதான்."

"தேவைப்பட்டால் எங்கே போவீர்கள்?"

"தீயணைப்பு நிலையத்து முற்றத்துக்கு. அங்கத்தய வைஃபை வெளிய வரைக்கும் வரும். பின்னேரமானா ஊரே கார்களோட அங்கதான். நம்மட அஃபீபா முன் சீற்றில ஹோம்வேர்க். பக்கத்துக் காரில போஸ்ற் ஒஃபிஸ் மனிசி. அங்கால வோல்ற்றர் எண்டு ஒரு கிழவன், ரெக்சாஸ்ல இரிக்கிற பேரனைப் பாக்க வருவாரு. நான் நம்மட ஊர் மீன் ரோல்ஸ் பொரிச்சுக் கொண்டு போவன். முதல்ல என்னெண்டு பயந்தாங்க. இப்ப நான் போகாட்டிக் கோவம்."

கடைசிக் கேள்வி முடிந்ததும் ஸல்மா, "இப்ப நான் கேக்கன், நீ சொல்லு" என்று தொடங்கினாள். வீட்டில் எத்தனை பேர், எந்த ஊர், என்ன வயது? வதனாவைவிடத் தான் ஒரு வயது கூட என்று தெரிந்ததும், "அப்ப நான் உனக்கு அக்கா, ராத்தா" என்று அந்த இடத்திலேயே உறவையும் முடிவு செய்துவிட்டாள். "நாளைக்கும் எடுப்பியா?"

"எடுக்கேலாது, ராத்தா. படிவம் முடிச்ச ஆக்களைத் திருப்பி எடுக்கக்கூடாது. ரூல்."

ஸல்மாவின் நம்பர் வதனாவின் கண்ணுக்கு முன்னால்தான் திரையில் நின்றது. பக்கத்தில் பேனையும் கிடந்தது. ஆனால் இந்த வேலையில் சனம் நம்பித்தான் வயதையும் வீட்டையும் சொல்லுகிறது. விதிப்படி கொம்பனியின் உதவி எண்ணை வாசித்து, நன்றி சொல்லி, பட்டனை அமத்தினாள். நம்பர் மறைந்தது.

அன்றிரவு சாப்பாட்டில் அவளுக்கு மனம் இல்லை. "அமெரிக்காவில ஒரு தமிழ் மனிசி" என்று கிருபனுக்குத் தொடங்கி, "எந்த இடம்?" என்று அவன் கேட்டதும், "சொல்லக்கூடாது" என்று நிறுத்திக்கொண்டாள். தெரியாத ஒருத்தியின் குரல் காதைவிட்டுப் போகாமல் நின்றது அவளுக்கே புதினமாக இருந்தது.

அடுத்த நாள் காலையில் இக்னேசியஸ் கூப்பிட்டான். "அன்ரி, நேற்று ஒரு கோல் சரியான லோங். ரெக்கோர்டிங்கை நான் முழுக்கக் கேட்டனான்."

"தம்பி, அது வந்து..." என்று தொடங்கினாள் வதனா.

"பொறுங்கோ. இன்ரர்வியூ பேர்ஃபெக்ற். ஒரு கேள்வியும் விடேல்லை. அந்த ஐஸ்கிறீம் இடத்தில எனக்குக் கோப்பி மூக்கால வந்திட்டுது." அவன் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. "விசயம் அதில்லை. அவ விடியவே ஹெல்ப் லைனுக்கு அடிச்சிட்டா. வாண்டா எண்ட தமிழ்ப் பிள்ளையிட்ட என்ர நம்பரைக் குடு, குடுக்கும் வரைக்கும் நான் வைக்கமாட்டன் எண்டு நிண்டா. அவவா விரும்பித் தந்தால் பிரச்சினை இல்லையாம், நான் மேலயும் கேட்டிட்டன். வேலை முடிஞ்சு உங்கட போனில எடுங்கோ. எழுதுறீங்களோ?"

"ஓம் ஓம், சொல்லு, சொல்லு!" பேனையைத் தேடி மேசையில் இருந்த தேத்தண்ணியைத் தட்டி ஊற்றினாள்.

அன்று பின்னேரம் தொடங்கிய போன் கதை, ஒரு நாளும் விட்டுப்போகவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய அதிசயம் வேலையில் நடந்தது. வியாழக்கிழமை ஒரு ஆண் குரல் போனை எடுத்து, வதனா அறிமுக வசனத்தை முடிக்க முன்னமே, "ஸல்மாவின் வாண்டாவா நீ?" என்று கேட்டது. வோல்ற்றர் கிழவன்தான். "இரண்டு நாளாகப் போனுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். கேள், கேள்." தன் வயதைத் தானாகவே, பெருமையோடு சொன்னார்.

தீயணைப்பு நிலைய முற்றத்தில் ரோல்ஸ் தட்டோடு கார் காராகப் போய் ஸல்மா சொல்லியிருந்தாள்: ரொறன்ரோ நம்பர் வந்தால் எடுங்கள், அவள் ஒன்றும் விற்க வரவில்லை, அவள் என்னுடைய தங்கச்சி.

எடுத்தார்கள். வாத்துக்காரக் கிழவரும் அவளுடைய இரண்டாம் அழைப்புக்குச் சமாதானமாகி, வயதைச் சொல்லிவிட்டு, வாத்துகளின் வயதையும் சொன்னார். ஒருத்தி, "என் அக்காவை மட்டும் கூப்பிட்டாய், என்னை ஏன் கூப்பிடவில்லை?" என்று கொம்பனிக்கே அடித்துக் கேட்டாள். நம்பரைத் தேர்வது கொம்பியூட்டர்தான் என்று இக்னேசியஸ் விளங்கப்படுத்தவேண்டி வந்தது. மலைக்குப் பின்னால் ஒரு இளம் தாய், பிள்ளையைப் பெற்று வந்து பத்து நாள்கூட ஆகாதவள், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டதும், "மூன்று" என்று சொல்லிவிட்டுத் தானே அதிசயப்பட்டுச் சிரித்தாள். "இந்தக் கேள்விக்கு முதல்முறையாக மூன்று என்று சொல்கிறேன்." வதனா மூன்று என்று பதிந்தாள். லைனில் கேட்டுக்கொண்டிருந்த இக்னேசியஸ் வதனாவின் திரைக்கு ஒரு தொட்டில் படம் அனுப்பினான்.

வசந்தம் முடியுமுன் வேண்டிய படிவக் கணக்கு நிறைந்தது. வரைபடத்தில் நிறம் தீட்டிய இடங்களில் பெரும்பாலான வீடுகளுக்கு வேகமான இன்ரர்நெற் இல்லை என்பது இப்போது எழுத்தில் இருந்தது. கவுண்டி அதை மேலே அனுப்பியது. ஜூனில் ஒரு நாள் ஸல்மா போனில், வதனாவை ஹலோ சொல்லவும் விடாமல், "காசு கிடைச்சிட்டு! மலையில கோபுரம் நட வந்து கிடங்கு கிண்டுறானுகள்! வோல்ற்றர் கதிரை கொண்டு போய் வைச்சிப் பாத்திட்டு இரிக்காரு!" என்று கத்தினாள். வதனா போனைக் காதில் வைத்தபடியே ஹோலுக்கு ஓடிப்போய்க் கிருபனுக்குச் சொன்னாள். இப்போது அது எந்த இடமென்று அவனுக்கும் தெரியும்.

பள்ளிக்கூட விடுமுறையில் அவர்கள் ரொறன்ரோ வந்தார்கள். எட்டாம் மாடியில் லிஃப்ற் திறந்தபோது இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குரலைத் தவிர ஒன்றும் தெரியாது. வதனா ஸல்மாவைப் பெரிய உருவமாக நினைத்திருந்தாள். அவளோ வதனாவின் தோளுக்கு வந்தாள். "நீ என்ன புள்ள இவ்வளவு நெடுவல்?" என்றாள் ஸல்மா. அந்தக் குரல் கேட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது. லிஃப்ற் கதவு இடையில் மூடமுயன்று, முட்டி, திரும்பித் திறந்துகொண்டேயிருந்தது. அதாஉல்லா ஒரு பெரிய பாற்கட்டி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாக நின்றார்.

அஃபீபா வீட்டுக்குள் வந்ததும் போனை எடுத்துப் பார்த்துத் திகைத்துப்போனாள். திரை முழுவதும் வைஃபை பெயர்கள். உருட்ட உருட்ட வந்துகொண்டிருந்தன. "Oh my God, உம்மா, சுவர் முழுக்க இன்ரர்நெற்!" பிறகு அதில் ஒரு பெயரை வாசித்து விழுந்து விழுந்து சிரித்தாள். கீழ் வீட்டு யாரோ தங்கள் இணைப்புக்கு 'சும்மா இரு' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

சனிக்கிழமை மில்லிக்கன் பக்கம் தமிழ்க் கடைகள் நிறைந்த பிளாசாவுக்குப் போனார்கள். அரை மணித்தியாலத்தில் முடிக்கலாமென்று கிருபன் நினைத்தான். ஸல்மா மரக்கறிக் கடை வாசலிலேயே நின்றுவிட்டாள். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண் தமிழ். தட்டு அடுக்கிய பெடியன் தமிழ். போனில் மருமகளோடு சண்டை பிடித்துக்கொண்டு போன ஐயாவும் தமிழ். ஒவ்வொருவரிடமும் ஏதாவது ஒன்று கேட்டாள். முருங்கைக்காய் முற்றலா, புளி எந்த நாட்டுப் புளி, மகனுக்கு என்ன படிப்பு. கேட்டவர்களும் பதில் சொன்னார்கள். இவ்வளவு காலமும் இதே கடைக்குள் தலையைக் குனிந்து போய்ச் சாமானை எடுத்துக்கொண்டு வந்த வதனாவுக்கு, புளி அடுக்குகிறவர் பருத்தித்துறைக்காரர், நன்றாகப் பாடுகிறவர் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

"Buffalo எல்லையைத் தாண்டினதில இருந்து இப்பிடித்தான், ஆன்ரி" என்றாள் அஃபீபா. "நிப்பாட்டேலாது."

"நிப்பாட்டவேண்டாம், பிள்ளை" என்றாள் வதனா.

மீன் கடையில் வரிசை கதவுவரை நின்றது. ஸல்மாவின் முறை வந்ததும் வெட்டுகிறவர் ஒரு பெரிய விளைமீனைத் தூக்கிக் காட்டி, "எப்பிடி வெட்ட, அக்கா? குழம்புக்கோ, பொரிக்கவோ?" என்று கேட்டார்.

"மெதுவா வெட்டுங்க, தம்பி" என்றாள் ஸல்மா. "நீங்க எந்த ஊரு?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பின்னால் நின்ற வயதான பெண், கையில் நம்பர் துண்டோடு, கோபிக்கப்போகிறா என்றுதான் வதனா நினைத்தாள். அவவோ எட்டிப் பார்த்து, "பேச்சு கிழக்குப் பக்கம் மாதிரிக் கிடக்கு. நீங்கள் எந்த இடம், பிள்ளை?" என்றா.

ஸல்மா முழு உடம்போடும் அவ பக்கம் திரும்பினாள். வதனா சாமான் ரொலியைச் சுவரோரமாகத் தள்ளி நிறுத்தினாள். கிருபனும் அதாஉல்லாவும் பக்கத்துக் கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள்.