தட்டாமல் வைத்த பொட்டு

படவேட்டுக்குப் பக்கத்துக் கல்குவாரியில் கோபால்சாமிக்கு ஒரே வேலைதான். வெடிவைத்து உருட்டிய பாறைகளைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது. கணீரென்று கேட்டால் வெள்ளைப் பெயின்டில் ஒரு பொட்டு. கல் லாரி ஏறிக் கடற்கரைக்குப் போய்விடும். பொத்தென்று கேட்டால் உள்ளே வெடிப்பு, ஜல்லிக்குத்தான் ஆகும். சொந்த ஊர் மலையில் பலாப்பழம் தட்டிப் பழகிய காது அவனுக்கு. பழத்துக்கு நல்ல சத்தம் கல்லுக்குக் கெட்ட சத்தம், அவ்வளவுதான் வித்தியாசம்.

போன வெள்ளிக்கிழமை அவன் ஒரு கல்லைக்கூடத் தட்டவில்லை. மறுநாள் தங்கச்சி அன்பரசியின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்துவார்களா? மலைக்குப் போகும் கடைசி ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கிடந்த கற்களுக்கெல்லாம் கோலப்புள்ளி மாதிரி மளமளவென்று பொட்டு வைத்துவிட்டு ஓடினான். திங்கட்கிழமை திரும்பி வந்தால், லாரியில் இடமில்லாமல் விட்டுப்போன ஒரு கல் மட்டும் கிடந்தது. அதைத் தட்டிப் பார்க்கவும் அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

இன்று மத்தியானம் ஒரு வேன் வந்து நின்றது. படவேட்டு அம்மன் கோயிலுக்கு வந்த மீனவப் பெண்கள். புயலில் உடைந்த அவர்கள் படகுத்துறையையும் அலைதடுப்புச் சுவரையும் சரிசெய்யத்தான் இங்கிருந்து கல் போகிறது.

கன்னியம்மாள் என்ற பெண் நேராக அவனிடம் வந்தாள். “நீதான் கல்லு பாக்குற தம்பியா? போன புயல்ல தடுப்பு பிச்சிக்கினு போய் எங்க படகு செதறிப்போச்சு. இப்ப புள்ளைக்குப் புதுப் படகு. நேத்துதான் உங்க கல்ல கொட்டி முடிச்சாங்க. இனிமே நான் நிம்மதியா தூங்குவேன்.”

அவன் கையில் ஒரு கருவாட்டுப் பொட்டலத்தைத் திணித்தாள். பிறகு, கிடந்த அந்தக் கல்லின் வெள்ளைப் பொட்டுக்குக் கீழே மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றினாள்.

“எப்டி கண்டுபுடிக்கிற? தட்டிக் காட்டேன்.”

சுத்தியலை எடுத்தான். பொத். இன்னொரு தரம் ஓங்கித் தட்டினான். பொத்.

“இது நல்ல கல்லா தம்பி?”

ஆமாம் என்றால் வேன் கிளம்பிவிடும். அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்தது. கையில் இருந்த கருவாடு அதைச் சொல்ல விடவில்லை.

“இல்லம்மா. உள்ள வெடிச்சிருக்கு. அலை அடிச்சா ஒடஞ்சிபோவும்.”

“அப்ப எங்களுக்கு வந்த கல்லுங்க?”

“கடைசியா வந்தத நான் தட்டலம்மா. ஒண்ணையும் தட்டல. ஊருக்குப் போற அவசரத்துல பொட்டு மட்டும் வெச்சி அனுப்பிட்டேன். தப்பு என்னுதுங்க.”

திட்டியிருந்தால் தேவலை. அவள் மகனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“டேய் வெற்றி, படக தடுப்பாண்ட கட்டாத. வேற எடம் பாரு.”

போனில் காற்று இரைந்தது. “வேற எடம் ஏதும்மா? புயல் கூண்டு ஏத்திட்டாங்க. ஊரு படகு மொத்தமும் இங்கதான் கட்டிக்கீது.”