ரப்பர் போடாத பெண்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இது நானாகக் கற்பனை செய்த கதை இல்லை. ஐம்பது வயதில் பல்லுக்குக் கம்பி கட்டிக்கொண்டேன் (சிரிக்காதீர்கள்). கட்டிய டாக்டர் சொன்னது. அப்போது என் வாய்க்குள் பஞ்சும் எச்சில் உறிஞ்சும் குழாயும் இருந்தன, குறுக்குக் கேள்வி கேட்க வழியில்லை. அதனால்தான் என்னிடம் சொன்னாரோ என்னவோ. கேட்காமல் விட்ட கேள்விகளுக்கு நானே பதில் இட்டுக்கட்டியிருக்கிறேன்.

2

தொடக்கத்துக்குப் பட்ட பாடு:

‘எலும்பு கரையும்போது சத்தம் கேட்பதில்லை. அது ஒரு மௌனமான...’ (சே, அழகு காட்டுகிறேன்.)

‘பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அப்படித்தான் அந்த...’ (எடுத்த எடுப்பிலேயே போட்டு உடைக்கிறேன்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வயதுப் பெண். கம்பி போட்டிருந்தும் முன்பற்கள் மேலும் கீழும் சேரவில்லை. இடைவெளியை மூட டாக்டர் குட்டி ரப்பர் வளையங்கள் கொடுத்தார். மேல்கம்பிக்கும் கீழ்க்கம்பிக்கும் இழுத்து மாட்டவேண்டும். சாப்பிடும்போது மட்டும் கழற்றலாம். ஆனால் மாதாமாதம் இடைவெளி கூடியது. இந்தத் தொழிலில் அப்படி நடந்தால் முதல் சந்தேகம் ஒன்றுதான்: பிள்ளை ரப்பர் போடுவதில்லை. பெரும்பாலும் அதுதான் நிஜமும்கூட.

3

“ரப்பர் போடுறியா, இல்லையா?”

“போடுறேன் டாக்டர்.”

“போட்டா இப்படித் திறக்காதும்மா. நீ பொய் சொன்னாலும் பல்லு சொல்லாது.”

வேலிக்கு ஓணான் சாட்சியாகப் பக்கத்தில் அம்மா. “நல்லாக் கேளுங்க டாக்டர். நான் சொன்னா எங்க கேக்குறா?”

அன்றிலிருந்து அம்மா தினமும் வாசலில் மறித்து வாயைத் திறந்து காட்டச் சொன்னார். ரப்பர் இருந்தது. அப்படியானால் வெளியே போய்க் கழற்றிவிடுகிறாள் என்று முடிவு கட்டினார்.

பதினோராவது மாதம் அந்தப் பெண் சொன்னாள்: “சாரி டாக்டர். அப்பப்ப கழட்டி வெச்சிடுறேன்.”

டாக்டருக்கு அப்பாடா என்றிருந்தது. ‘ஒப்புக்கொண்டாள்’ என்று குறிப்பில் எழுதி, இரட்டை ரப்பர் மாட்டி அனுப்பினார்.*

(* அவள் கழற்றவே இல்லை. நாள் தவறாமல் திட்டு வாங்கிய பிள்ளை வேறென்ன சொல்லும்? இந்த இடத்தில் எனக்கு டாக்டர்மேல் வந்த கோபத்தில் ஒரு பத்தி எழுதி, பிறகு எடுத்துவிட்டேன்.)

4

அடுத்து அவள் வந்தது காதோரம் வலியோடு. வாயும் சரியாகத் திறக்கவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். காதருகே மூட்டில் உட்காரும் கீழ்த்தாடை எலும்புக்கு உருண்டையான தலை இருக்கவேண்டும். இரண்டு பக்கமும் அதில் பாதிகூட இல்லை. எலும்பு குறையக் குறையத் தாடை பின்னுக்குப் போய், முன்வாய் திறந்திருக்கிறது.

டாக்டர் பழைய எக்ஸ்ரேயைத் தேடி எடுத்தார். ஆறு மாதத்துக்கு முந்தைய படத்திலேயே தேய்மானம் தெரிந்தது. அன்று பற்களை மட்டும் பார்த்துவிட்டு உறையில் போட்டது இவரேதான்.

கூடப் படித்த தாடை அறுவை மருத்துவரிடம் ஓடினார்.

“அபூர்வமா வரும். ஏன் வருதுன்னு யாருக்கும் சரியாத் தெரியாது. கரையறது நிக்காம கத்தி வைக்க முடியாது.”

“எப்ப நிக்கும்?”

“தெரியலையே.”

“நான் மாட்டின ரப்பர்...”

“மூட்டுக்குப் பாரம் கூடியிருக்கலாம். முதல்ல அதைக் கழட்டு.”

5

முடிவு அ: டாக்டர் மன்னிப்புக் கேட்கிறார், அவளும் பெருந்தன்மையாக... (அடித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டால் எலும்பு வளருமா?)

முடிவு ஆ: ‘அபூர்வ நோய், யார் தப்பும் இல்லை’ என்று நழுவுகிறார். (பாதி உண்மை. அதனாலேயே எழுதக் கை கூசுகிறது.)

நடந்தது வேறு. டாக்டர் எதையும் மறைக்காமல் சொன்னார். அம்மா உடைந்து அழுதார். பெண் அழவில்லை. ஒன்றுதான் கேட்டாள்:

“அப்போ நான் ரப்பர் போட்டேனா டாக்டர்?”

குத்திக்காட்டக் கேட்கவில்லை. எல்லோரும் சொல்லிச் சொல்லி, போட்டாளா இல்லையா என்று அவளுக்கே நிஜமாகத் தெரியவில்லை.

டாக்டர் சொன்ன பதிலை நான் எழுதப்போவதில்லை. எனக்கு அது போதவில்லை. நானாக எழுதிய நான்கு பதில்களும் குப்பைக்குப் போயின. இனி நீங்கள் சொல்லுங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். ‘போட்டாய்’ என்று நீங்கள் சொன்னதும், “அப்புறம் ஏன் கழட்டினேன்னு சொன்னேன்?” என்று அவள் உங்களையே கேட்பாள்.