பறக்க விடாத நாள்

கல்லூரி ராக்கெட் கிளப்பில் அவளுக்கு 'பிரேக்' என்று பேர். எல்லோரும் தலையாட்டி முடித்த பிறகு, "ஒரு நிமிஷம்" என்று இவள் கையைத் தூக்குவாள். வண்டியே கிளம்பவில்லை, அதற்குள் பிரேக்கா என்று துணைத் தலைவன் ஒருநாள் கேட்டது அப்படியே ஒட்டிக்கொண்டது.

முதல் வருடம் அவளுக்குக் கிடைத்தது உப்புத்தாள் வேலைதான். ராக்கெட்டின் வால் இறக்கைகளை வழவழப்பாகும்வரை தேய்த்துத் தேய்த்து விரல் ரேகையே அழிந்துபோனது. சொந்த போனே அவளை யாரென்று கேட்டது.

இரண்டாம் வருட விடுமுறையில், விமான என்ஜின்களைப் பழுதுபார்க்கும் கூடத்தில் இன்டர்ன்ஷிப் கிடைத்தது. பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டுப் போனாள். அங்கே என்ஜின் பக்கம் அண்டவே விடவில்லை. ஷிப்ட் முடியும்போது, பெட்டியில் ஒவ்வொரு கருவியும் அதனதன் பள்ளத்தில் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒருநாள் சின்ன ஸ்பேனர் ஒன்றின் பள்ளம் காலியாக இருந்தது. வாங்கிக் கட்டிக்கொள்வோமோ என்று பயந்துகொண்டேதான் சொன்னாள். அது ஏதாவது என்ஜினுக்குள் கிடந்தால் விமானத்துக்கே ஆபத்து என்று, அந்தக் கணமே கூடத்தில் எல்லா வேலையும் நின்றது. வீட்டுக்குக் கிளம்பியவர்களும் பையை இறக்கி வைத்துவிட்டுத் தேடினார்கள். கடைசியில் அது ஒரு மெக்கானிக்கின் கோட்டுப் பையிலேயே இருந்தது. யாரும் யாரையும் ஏசவில்லை. வேலை நின்றுபோனதற்கு ஒருவர்கூட முகம் சுளிக்காத இடத்தை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

மூன்றாம் வருடம் கிளப்புக்கு அவளே தலைவி. கல்லூரிகளுக்கான ராக்கெட் போட்டியைப் பார்க்க, நர்ஸாக இருக்கும் அக்கா லீவு போட்டு வந்திருந்தாள். மைதானத்தில் ராக்கெட் நிமிர்ந்து நின்றது. அவர்கள் முறை வந்த சமயம், பாராசூட்டை வெளியே தள்ளும் இணைப்பின் பச்சை விளக்கு ஒருமுறை அணைந்து மறுபடி எரிந்தது.

"இப்ப எரியுதே, விட்டுடலாம்" என்றான் துணைத் தலைவன்.

"அணைஞ்சுதே. இறக்கிப் பாப்போம்."

"இறக்கினா நம்ம முறை போச்சு. ஒரு வருஷ உழைப்பு, நினைச்சுப் பாரு."

"நினைச்சுத்தான் சொல்றேன். பாராசூட் விரியலைன்னா அந்த ஒரு வருஷமும் தலைகுப்புற வந்து விழும்."

நடுவர்களிடம் போய் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். ராக்கெட்டைச் சுமந்துகொண்டு மற்றவர்கள் அவளை விட்டுவிட்டுக் கூடாரத்துக்கு முன்னால் நடந்தார்கள். அக்கா மட்டும் பக்கத்தில் நடந்து வந்தாள்.

மூடியைத் திறந்து தொட்டதும் ஒரு கம்பி கையோடு வந்துவிட்டது. வழியில் வேன் குலுங்கியதில் விட்டிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். அந்தச் சாக்கைப் பிடித்துக்கொண்டு அவள் தப்பித்திருக்கலாம்.

"வேன் இல்ல. இது நான் ஈயம் உருக்கி வச்ச சால்டர், சரியாப் பிடிக்கலை. தப்பு என்னோடது" என்றாள்.

துணைத் தலைவன் சால்டர் கோலை எடுத்துச் சூடேற்றி அவளிடம் நீட்டினான்.

நடுவர்கள் புள்ளிகளைக் குறைத்துக்கொண்டு, மறுநாள் மற்ற அணிகளுக்கெல்லாம் பிறகு, கடைசியாக அவர்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். ராக்கெட் சீறிக்கொண்டு கிளம்பி, கண்ணுக்குப் புள்ளியாகி, அதுவும் மறைந்தது. மைதானம் முழுக்க அண்ணாந்து நின்றது. அப்புறம் வானத்தில் ஆரஞ்சுப் பூப்போல பாராசூட் விரிந்தது. துணைத் தலைவன் கத்திய கத்தலில் அன்று முழுக்க அவனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பரிசு கிடைக்கவில்லை. ஆனால் ராக்கெட்டை ஒரு கீறல் இல்லாமல் குழந்தையைப்போல ஏந்திக்கொண்டு வந்தார்கள்.

அக்கா அம்மாவுக்கு போன் போட்டாள். "நல்லாப் பறந்துச்சும்மா. ஆனா நேத்து அத்தனை பேர் முன்னாடி பறக்க விடமாட்டேன்னு நின்னா பாரு, நீ அதைப் பாத்திருக்கணும்."

பெரிய ராக்கெட் தொழிற்சாலை ஒன்றின் இன்டர்ன்ஷிப் நேர்முகத் தேர்வில், இதுவரை செய்ததிலேயே பெருமைப்படும் காரியம் எது என்று கேட்டார்கள். பறந்த நாளை விட்டுவிட்டு, அவள் பறக்காத நாளைச் சொன்னாள். அந்த சால்டரையும் மறைக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு மேலே மேலே கேட்டார்கள். இடம் கிடைத்தது.

இப்போது அக்காவின் வார்டில் ஊசி போட்டுக்கொள்பவர் எவரும், அவள் தங்கை எங்கே வேலை பழகுகிறாள் என்று தெரிந்துகொள்ளாமல் வீட்டுக்குப் போக முடியாது.