தென்றலுக்கு ஜோடி

தென்றலை டைவிங்குக்கு அழைத்து வந்ததே நர்மதாதான். தோழி வீட்டுக் கல்யாணத்துக்குப் பூலாம்பாடி போயிருந்தபோது, வயல் கிணற்று மோட்டார் கொட்டகையின் மேலிருந்து ஒரு பெண் தலைகீழாகப் பாய்வதைப் பார்த்தாள். தண்ணீர் சிதறவே இல்லை.

"ப்ளஸ் டூ முடிச்சதும் எங்க காலேஜுக்கு வந்துடு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட்டு கிடைக்கும். நான் மேடம்கிட்ட சொல்றேன்" என்றாள் அங்கேயே.

அப்போது பெரம்பலூரில் அந்தக் கல்லூரிக்கு டைவிங் என்றால் நர்மதா மட்டும்தான். கங்கைகொண்ட சோழபுரத்தில் முந்திரிக்காடு வைத்திருந்த அய்யம்பெருமாளின் மகள். பல்கலைக்கழகப் போட்டியில் அவள் வெள்ளி வாங்கியதும் கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள்.

தென்றல் சேர்ந்த வருடமே அது இறங்கியது. அதே கம்பிச் சட்டத்தில் தங்கப் பதக்கத்தோடு தென்றல் ஏறினாள். பிறகு மாநில சாம்பியன் ஆனாள். பத்திரிகைப் பேட்டியில், "எங்க நர்மதா அக்காதான் என்னைக் கொண்டாந்தாங்க" என்று சொல்லியிருந்தாள். அதைப் படித்தபோது நர்மதாவுக்கு இன்னும் எரிந்தது. கொண்டுவந்தவள். அவ்வளவுதானா அவள்?

தென்றல் வயிறுமுட்ட பரோட்டா தின்றுவிட்டு வந்து குதித்தாலும் கால்கள் ஊசியாக நின்றன. நர்மதா இரவுச் சாப்பாட்டையே விட்டும் முழங்கால் மடங்கியது. தென்றலுக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரை வாங்கிக் கொடுத்து, கஞ்சியும் வைத்துக் கொடுத்தாள். இன்னும் நாலு நாள் படுத்திருந்தால் தேவலை என்றும் நினைத்தாள்.

நர்மதாவின் கடைசி வருடம், பயிற்சியாளர் சண்முகப்பிரியா மேடம் இருவரையும் ஜோடிப் பிரிவில் போட்டார். இரண்டு பலகைகளிலிருந்து ஒன்றாக எழும்பி, ஒன்றாகச் சுழன்று, ஒன்றாகத் தண்ணீரில் இறங்க வேண்டும். பயிற்சிக்குச் சென்னை நீச்சல் குளத்துக்குப் போனார்கள். அசலும் நிழலும் மாதிரி இருப்பதாக எல்லோரும் சொன்னார்கள். அந்த நாட்களில் நர்மதா கொஞ்சம் சிரித்தாள்.

அகில இந்தியப் போட்டியன்று காலை, உடை மாற்றும் அறைக்கு வெளியே மேடத்தின் குரல் கேட்டது.

"இன்னுங் கொஞ்சம் கொறச்சுக்க தென்றல். நர்மதா அவ்ளோ உசரம் வர மாட்டா."

"சரிங்க மேடம். கொறச்சுக் குதிச்சுப் பழகிடுச்சு."

நர்மதா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒன்றும் கேட்காதவளாகவே வெளியே வந்தாள்.

கடைசிச் சுற்று வரை முதலிடத்தில் இருந்தார்கள். பலகை நுனிக்கு ஓடும் முன் எண்ணிக்கை சொல்வது நர்மதாவின் வேலை. சொன்னாள். ஓடினாள். பலகையை மிதித்த மிதியில் இரண்டு வருட எரிச்சலும் இருந்தது. அவள் அதுவரை போகாத உயரத்துக்குப் போனாள். தென்றல் கீழே தண்ணீரில் நுழைந்த பிறகும் நர்மதா காற்றில் இருந்தாள்.

நான்காம் இடம் கிடைத்தது.

"என்னடி பண்ணி வச்சிருக்க?" என்று மேடம் கத்தினார். தென்றல் மட்டும் தலையைத் துவட்டியபடி ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"இவ்ளோ உசரம் வருவீங்கன்னு ஏங்கா சொல்லல? நானும் முழுசா குதிச்சிருப்பேன்ல?"

"எனக்காக யாருடி ஒன்னைக் கொறைக்கச் சொன்னது?"

"கொறச்சாத்தான ரெண்டு பேருக்கும் மெடலு வரும்?"

அவள் முகத்தில் கள்ளமில்லை. அதற்காகவே நர்மதாவுக்கு அவளை அறைய வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் தனிப் பிரிவில் தென்றல் தங்கம் வென்றாள். நர்மதா நேற்றைய உயரத்துக்கு மறுபடி முயன்றாள். அது வரவே இல்லை. தேசிய முகாமுக்குத் தென்றலை அழைத்தார்கள். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் வழியனுப்பப் போன கூட்டத்தில் நர்மதாவும் நின்று கையசைத்தாள்.

இப்போது நர்மதா அரியலூரில் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர். தென்றல் ரயில்வேயில் வேலை கிடைத்து, வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போய்வருகிறாள். அந்த நான்காம் இடத்து டைவை யாரோ எடுத்த வீடியோ நர்மதாவின் போனில் இருக்கிறது. தென்றலின் தலை தன் கால்களுக்குக் கீழே இருக்கும் இடத்தில் நிறுத்திப் பார்ப்பாள். யாருக்கும் காட்டியதில்லை.

போன வாரம் தலைமையாசிரியை அவளைக் கூப்பிட்டார்.

"ஸ்போர்ட்ஸ் டேக்கு அந்த டைவிங் பொண்ணு தென்றலைக் கூப்பிடலாமா? ஒங்க காலேஜுதானே?"

"எங்க ஜூனியர்தாங்க மேடம். ஆனா அவளுக்கு நேரமே கெடைக்காது. கேட்டுப் பார்த்துட்டேன்" என்றாள் நர்மதா.

அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தென்றல் அடுத்த ரயிலிலேயே வந்திருப்பாள். அது தெரிந்துதான் சொன்னாள்.

அன்று சாயங்காலம் தென்றலிடமிருந்து, "சாப்ட்டீங்களா அக்கா?" என்று மெசேஜ் வந்தது. அவள் அடிக்கடி இப்படிக் கேட்பவள்தான்.

"சாப்ட்டேன். நீ?" என்று நர்மதா பதில் போட்டாள்.