திரையின் கடைசி வரி

ஸல்த் நகரத்துக் குடும்ப மண்டபத்தில், மனைவி இறந்த துக்கம் கேட்க வந்தவர்களின் கைகளைப் பற்றியபடி நின்றிருந்தார் ஃபாலிஹ். எதிர்ச்சுவரில் பெரிய திரை. வெளியூர் உறவுகள் குடும்பத்தின் இணையப் பக்கத்தில் எழுதும் அனுதாபங்கள், யாரும் எதையும் தொடாமலே, ஒவ்வொன்றாக அதன் உச்சியில் வந்து அமர்ந்தன. பழையவை ஒரு படி கீழே இறங்கின. தம்பி மகள் ரிஹாப் செய்த ஏற்பாடு. பெரிய வீடுகளின் பெயர்கள் வந்தபோதெல்லாம் அவர் முதுகு இன்னும் நிமிர்ந்தது.

அப்போது வந்தது அந்த வரி: "அம்மா, உன் முகத்தைக்கூடப் பாக்க முடியாமப் போச்சே. முன்திர்."

எல்லாத் தலைகளும் திரையை நோக்கித் திரும்பின. கசப்புக் காப்பி ஊற்றுகிறவன் கூடக் கிண்ணத்தோடு நின்றுவிட்டான். தகப்பன் சொல்லை மீறி மணம் முடித்துப் போன மூத்த மகன் முன்திர். அதன்பின் அந்தப் பெயரை எவரும் அவர் காதுபடச் சொன்னதில்லை. மூத்தவனின் தகப்பன் என்று தன்னை 'அபூ முன்திர்' என ஊரார் அழைக்கும் வழக்கத்தையும் நிறுத்தி, இளையவன் பெயருக்கு மாற்றியிருந்தார்.

பக்கத்து அறைக்குள் நுழைந்தார். ரிஹாப் கணினி முன்னால் அழுத கண்களோடு இருந்தாள்.

"அதை எடு."

"எடுத்துடலாம் பெரியப்பா. ஆனா முன்னெல்லாம் பக்கத்தை மறுபடி திறந்தாத்தான் மாத்தம் தெரியும். இப்ப நான் அழிச்ச நொடியே எல்லார் கண்ணு முன்னாடியும் மறையும். நீங்க இங்க வந்ததையும் பாத்துட்டுத்தானே இருக்காங்க?"

"உன் சாமர்த்தியத்தைக் கொண்டுபோய் அடுப்புல போடு."

"விட்டுடுங்க. புதுசு வர வர அதுவே கீழ இறங்கிப் போயிடும்."

திரும்பி வந்து நின்றார். அனுதாபங்கள் வந்துகொண்டே இருந்தன. வரி இறங்கியது. இன்னும் இறங்கியது. கடைசி நாட்களில் மனைவி வாசல் பக்கமே முகம் வைத்துக் கிடந்தாள். மகனை வரச்சொல்லி ஒருமுறைகூட வாய்விட்டுக் கேட்கவில்லை. அதை அவர் தன் குடும்பத்தின் கௌரவம் என்று எண்ணியிருந்தார்.

வரி அடிவிளிம்புக்கு வந்துவிட்டது. இன்னொன்று வந்தால் போய்விடும்.

விறுவிறுவென்று அறைக்குப் போனார். "நிறுத்து."

"எதை, பெரியப்பா?"

"புதுசா எதுவும் வர வேண்டாம். காத்திருக்கட்டும்."

அவர் மண்டபத்துக்குத் திரும்பியதும் முதிய அண்டைவீட்டுக்காரர் ஒருவர் கையைப் பற்றினார். "அல்லாஹ் பொறுமையைத் தரட்டும், அபூ முன்திர்." சொன்னபிறகே தவறு உறைத்து, அவர் முகம் வெளுத்தது.

ஃபாலிஹ் திருத்தவில்லை. கையையும் விடவில்லை. முதியவரின் தோளுக்கு மேலே, திரையின் அடியில், அந்த ஒரு வரி அசையாமல் நின்றது.